ரெட் சோன்

இந்திய வான்வெளியைக் காப்பாற்றியே தீருவது என்று நல்லம்பள்ளித் தமிழ்மணி முடிவெடுத்தபோது, அவருக்கு முன்னால் தட்டில் ஒரு கேழ்வரகுக் களி உருண்டை உட்கார்ந்திருந்தது. கூரைக்கு மேலே 'ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம். களியை விட்டுவிட்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

"டேய் ஜேக்கப்! எறக்குடா அத!"

பக்கத்து வீட்டு ஜேக்கப் மொட்டை மாடியில் ரிமோட்டோடு நின்றான். தர்மபுரியில் செல்போன் கடை வேலை. மிச்ச நேரமெல்லாம் ட்ரோன். வத்தல்மலையில் மேகம் இறங்குவதைப் படம் பிடிப்பதில் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம்.

"உங்க வூட்டு மேல நிக்காதுங்கண்ணா. மலைப் பக்கம் போவுது."

"மலைப் பக்கந்தான்டா சேலத்து ஏரோப்ளேன் வருது! எஞ்சினுக்குள்ள இது பூந்துட்டா? உள்ள இருக்கற சனமெல்லாம் என் தக்காளித் தோட்டத்துலதான் வந்து வுழுவும்!"

"அது எங்கியோ ஒசரத்துல போவுதுங்கண்ணா. இது இத்தினியூண்டு. அதுவுமில்லாம நம்மூரு கிரீன் ஜோன்."

"சோனா?" தமிழ்மணிக்கு மூச்சே நின்றுவிட்டது. "எந்தச் சோனு?"

"கிரீன் ஜோன்னா பறக்கலாம். எல்லோ ஜோன்னா கேட்டுட்டுப் பறக்கணும். ரெட் ஜோன்னா பறக்கவே கூடாது. ஏர்போர்ட்டு மாதிரி எடம்."

அப்பாடா! மூச்சு திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

மூச்சு நின்ற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்மணிக்குச் சர்க்கரை. டாக்டர் சொன்ன அன்றே அவர் மனைவி கோகிலவாணி வீட்டிலிருந்து சீனி டப்பாவை நாடு கடத்திவிட்டாள். காலையில் களி, ராத்திரி களி. தோட்டத்து மோட்டார் கொட்டாயின் கூரை மட்டும் அவள் ஆட்சிக்கு வெளியே இருந்தது. அங்கே ஒரு பழைய டயர். டயருக்குள் ஒரு டப்பா. டப்பாவுக்குள் சோன் பப்டி. 'மோட்டார் போட்டுட்டு வரேன்' என்று போய், ஏணி வைத்து ஏறி, மல்லாந்து படுத்து மென்று வருவார். கீழேயிருந்து யார் பார்த்தாலும் தெரியாது. மேலேயிருந்து பார்க்க ஒருவன் கிளம்புவான் என்று அவர் கனவா கண்டார்?

எரிந்துகொண்டே உள்ளே வந்தார். "சட்டம் போடணும் வாணி! கண்டவனெல்லாம் ஆகாசத்துல வண்டி ஓட்டுனா வெளங்குமா இந்த நாடு?"

ரசக் கரண்டியோடு நின்ற கோகிலவாணி தலையாட்டினாள். "நியாயந்தாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டறியாத சொல் அது. கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"மாத்திர தப்பாம போடுறீங்க. களியத் தவிர வேற தொடல. அப்பிடியும் சுகரு ஏறுது. நானும் லேப்புக்காரன் மிஷினு கெட்டுப்போச்சுன்னு அவன்கிட்ட அம்மாஞ் சண்ட போட்டேன். இப்பத்தான் புரியுது. இந்தச் சனியன் சத்தத்துல கோவம் வந்து, கோவத்துலதான் ஏறுது. கிராம சபையில பேசுங்க. நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"பிளேன்ல போறவங்க உசுரு உசுரில்லியா?"

கிராம சபை பள்ளிக்கூடத்தில் கூடியது. தமிழ்மணி எழுந்தார். குரல் கூரை ஓடுகளை எகிற வைத்தது.

"பொம்ம வெளையாட்டா இது? பொம்மன்னு வாங்குறான், ஊருக்கு மேல வுடுறான். பிளேன்ல மோதுனா யாரு பொறுப்பு? பறக்க வுடறவனுக்கு லைசென்சு வேணும். எங்க போறேன், எப்ப வரேன்னு சொல்லிட்டுப் போவணும். கண்ண வுட்டு மறையக் கூடாது. மீறுனா புடுங்கி வெச்சிக்கணும். மொதல்ல எங்கொட்டாயச் சுத்தி ரெட் சோனுன்னு அறிவிங்க!"

பலத்த கைதட்டல். எல்லாரையும்விட வேகமாகத் தட்டியவள் கோகிலவாணி. ஜேக்கப் முகம் தொங்கிவிட்டது. ட்ரோன் போய்விட்டால் அவனுக்கு மலையும் இல்லை, மேகமும் இல்லை.

ஊராட்சிச் செயலர் நிர்மலாதேவி பேனாவை எடுத்தார். "தீர்மானம் எழுதிரலாங்களா?"

"ஒரு நிமிசங்க," என்றாள் கோகிலவாணி. "சும்மா வாய்ல சொன்னா யாரு நம்புவா? தம்பி எடுத்த படத்த அந்த டிவியில போடச் சொல்லுங்க. பிளேன் எம்மாங் கிட்ட வந்துதுன்னு மேல இருக்கறவங்களுக்கு ஆதாரம் வேணுமில்ல?"

"ஆதாரம் எதுக்கு! எம்பேச்சே ஆதாரம்!" என்று தமிழ்மணி அலறினார்.

"வேண்டாங்க அண்ணி," என்றான் ஜேக்கப், பரிதாபமாக.

"போடுப்பா."

வகுப்பறை டிவியில் வத்தல்மலை விரிந்தது. மேகம். ஆகாயம். ஒரு மூலையில், எட்டாத உயரத்தில், கொசு அளவுக்கு ஒரு விமானம். படம் மெல்லக் கீழே திரும்பியது. தக்காளித் தோட்டம். மோட்டார் கொட்டாய். கூரைமேல் மல்லாந்த ஒரு மனிதர், வயிற்றின் மேல் ஒரு டப்பா, வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிறங்கியிருந்தார்.

"நிறுத்து தம்பி. பெருசு பண்ணு."

பெருசானது. மீசையில் ஒட்டியிருந்த இழை வரைக்கும் தெரிந்தது. ஊர் சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடத்துப் புறாக்கள் பறந்து போயின.

கோகிலவாணி சிரிக்கவில்லை.

"சட்டைப் பையில எறும்பு ஊறுனப்பவே சந்தேகம். எங்கன்னுதான் தெரியல. தோட்டம் பூரா தேடுனேன், ஏணி ஏறிப் பாக்கத் தோணல. பிளேனு பிளேனுன்னு நீங்க குதிச்ச குதியில, மேலதான் என்னமோ இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு." அவள் குரல் உடைந்தது. "நீங்க தின்னக் கூடாதுன்னு நானும் வாயக் கட்டினேன். என் தம்பி கல்யாணத்துல பாயசத்தத் தள்ளி வெச்சேன். பாவம், அந்த லேப்புக்காரன வாய்க்கு வந்தபடி வைதேன். நீங்க கூரமேல படுத்துக்கிட்டு... காலு போச்சுன்னா, கண்ணு போச்சுன்னா யாருங்க பாக்கறது?"

தமிழ்மணியின் கை தானாகப் போய் மீசையைத் துடைத்தது.

"அப்போ தீர்மானம்?" என்று நிர்மலாதேவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"எழுதுங்க மேடம். அவரு சொன்னதுல ஒரு எழுத்தும் மாத்த வேணாம். தம்பி பிளேன் பக்கம் போவாம, கண்ணெதுக்க, சட்டப்படி பறக்க வுடட்டும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "மத்ததெல்லாம் எங்க வூட்டுக்கும் சேத்துத்தான். எங்க போறேன், எப்ப வரேன்னு சொல்லிட்டுப் போவணும். கண்ண வுட்டு மறையக் கூடாது. மீறுனா ஏணியப் புடுங்கி வெச்சிக்குவேன்."

"வாணி... கொட்டாய்க்காவது..."

"நீங்க கேட்டபடியே அது ரெட் சோனு. இனிமே உங்களுக்குச் சோனு மட்டுந்தான். பப்டி கெடையாது."