ஈரத்துணியார் தேர்ந்த நிறம்

கருங்குழி தொடங்கி மாமல்லபுரத்துக் கடல்மணல் வரையிலான நிலப்பரப்பில், ஈரத்துணியாரிடம் தன் உண்மையை ஒளித்துத் தப்பிய மரம் ஒன்றுகூட இல்லை என்பதை எந்த மேடையிலும் நிலைநாட்ட நான் தயார். எதிரணியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கட்டும்.

அவர் மரத்துக்குச் சாயமேற்றிப் பாலிஷ் போடுபவர். இயற்பெயர் யாருக்கும் தெரியாது. வலக்கையில் எப்போதும் ஓர் ஈரத்துணி இருக்கும். பாலிஷ் ஏறினால் மரம் எந்த நிறத்தில் நிற்கும் என்பதை, ஈரத்தால் ஒருமுறை துடைத்தால் முன்கூட்டியே பார்த்துவிடலாம். இது அத்தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்ட இடத்தில் மட்டும் துடைப்பார்கள். இவர் உலகம் முழுவதும் தம்மை வேலைக்கு அழைத்திருப்பதாக எண்ணியிருந்தார். தேநீர்க் கடை பெஞ்சைத் துடைக்க, குடித்துக்கொண்டிருந்த நால்வரை எழுப்பி நிறுத்துவார். அவர்களும் கண்ணாடி டம்ளரும் கையுமாக எழுந்து நிற்பார்கள்.

மதுராந்தகத்துத் திருமணம் ஒன்றில், தேக்கு என்று சொல்லிப் பெண் வீட்டார் சீர்வரிசையாக நிறுத்தியிருந்த கட்டிலை, மாப்பிள்ளையின் தகப்பனார் கண்ணெதிரே துடைத்தார். துணி காப்பி நிறமாயிற்று. கட்டில் வெளுத்தது.

“இன்னாய்யா இது?” என்றார் சம்பந்தி.

“ரப்பர் மரம். கட்டிலு நல்லாத்தான் கீது. தேக்குன்னு சொன்ன வாய்தான் சரியில்ல.”

தாலி ஏறுவதற்குள் மூன்று சமாதானக் கூட்டங்கள் நடந்தன. மூன்றிலும் அவர் முன்வரிசையில் அமர்ந்து பாயசம் குடித்தார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. செங்கற்பட்டில் கல்லூரிகளுக்கிடையே நடந்த பட்டிமன்றம். “நடுவர் அவர்களே, இறுதியாக” என்று நான் குரலை உச்சத்துக்கு ஏற்றிய கணத்தில், அந்த அரங்கின் கதவுக்குப் பாலிஷ் போட வந்திருந்தவர் மேடையேறி, எனக்கு முன்னாலிருந்த பேச்சு மேசையைத் துடைத்தார்.

“தம்பி, நீ பேசு. நான் சும்மா பாத்துகினு கீறேன்.”

அவையோர் அனைவரும் துணியையே பார்த்தார்கள். என் வாழ்வில் நான் பெற்ற ஒரே இரண்டாம் பரிசு அதுதான்.

இத்தகையவரைத்தான், இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில், எங்கள் வீட்டுத் தரைக்கு நிறம் தேர்ந்தெடுக்க என் தந்தை அழைத்து வந்தார். அணுமின் நிலையப் பணியின் கடைசி ஆண்டுகளை அணுபுரம் குடியிருப்பில் கழித்துவிட்டு, மாமல்லபுரத்துக்கு அருகே சொந்த வீடு கட்டியிருந்தார். கடற்கரை விடுதி ஒன்றை இடித்தபோது அதன் நடன அரங்கில் கறுத்துக் கிடந்த பழைய பலகைகளை வாங்கி, கூடம் முழுவதும் தேக்குத் தரை பாவிவிட்டார். கூடத்தின் நடுவே, நாகரிகம் கருதி, ஒரு படி இறக்கம். மேல்தளமும் கீழ்த்தளமும் ஒரே பலகை என்பதால் படியின் விளிம்பு தனித்துத் தெரியாது.

எங்களுக்கு அப்போது தெரியாத ஒன்றை வாசகர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்ந்துவிட்டால் என் தந்தைக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. இயந்திரங்களின் மயிரிழை விரிசலைக் கண்ணாலேயே கண்டுபிடித்த பரிசோதகர் அவர். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படியில் இருமுறை தடுமாறினார். இருமுறையும் “அவசரம்” என்றார்.

நிற விவாதம் முறைப்படி தொடங்கியது. அப்பா கருங்காலி மரத்தின் நிறம் கேட்டார். அம்மா தேன்நிறம் கேட்டார்: “கறுப்புல தூசி அப்பட்டமாத் தெரியும். துடைக்கப்போறது நீங்களா, நானா?” நான் அப்பாவின் அணியில் நின்று, கருநிறத்தின் கம்பீரம் குறித்து முக்கால் மணி நேரம் உரையாற்றினேன். ஈரத்துணியார் சுவரில் சாய்ந்து முழுவதையும் கேட்டார்.

“முடிச்சிட்டியா? தொண்டை காஞ்சிருக்கும். தண்ணி குடி.”

பிறகு ஆறு துண்டுப் பலகைகளுக்கு ஆறு நிறம் ஏற்றி, கூடமெங்கும் பரப்பி வைத்தார். “ஏழு நாளு. ஒருத்தரும் எடுக்கக் கூடாது. மெதிச்சிகினு, தாண்டிகினு இருங்க. கடைல பாத்து வாங்கறது புடவை. தரைய வூட்டுல வாழ்ந்து பாத்துத்தான் வாங்கணும்.”

நாள்தோறும் மாலையில் தம் மொபெட்டில் வந்தார். எந்தத் துண்டு இடம் மாறியிருக்கிறது என்று பார்த்தார். வெளிர்நிறத் துண்டுகள் வைத்த இடத்தில் இருந்தன. கருநிறத் துண்டுகளோ ஒவ்வொரு மாலையும் யாரோ உதைத்ததுபோல் மூலைக்குப் போயிருந்தன. “உங்க அப்பா புத்தி எங்க இருக்கோ” என்றார் அம்மா.

ஏழாம் நாள் மாலை ஈரத்துணியார் படியருகே உட்கார்ந்து அம்மா கொடுத்த உப்புமாவைத் தின்றுகொண்டிருந்தார். அப்பா மேல்தளத்திலிருந்து இறங்க வந்தார். விளிம்பில் நின்று, பெருவிரலால் பலகையைத் தடவி, படி முடியும் இடத்தைத் தேடி, பிறகு காலை வைத்தார். ஈரத்துணியார் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“முடிவு பண்ட்டேன். தரை மொத்தம் தேன் கலரு. படி ஓரத்துல மட்டும் ஒரு ஜாண் அகலம் நல்லா கறுப்பு.”

“ஒரே தரைக்கு இரண்டு நிறமா? இது எந்த ஊர் அழகு?” என்று சீறினேன்.

“என் ஊரு அழகு. எனக்கு அப்டித்தான் தோணுது, இன்னா பண்றது.”

“மரை கழண்ட மனுஷன்” என்று அம்மா என் காதருகே சொன்னார். அது ஈரத்துணியாருக்கும் கேட்டது. அவர் அப்பாவிடம் திரும்பினார். “சார் இன்னா சொல்றீங்க?”

அப்பா படியின் விளிம்பையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். “அவர் சொன்னபடியே போடட்டும்.” தம் கட்சியை அவர் அவ்வளவு எளிதில் கைவிட்டதை நான் துரோகமாகவே கருதினேன்.

உப்புத்தாள் தேய்த்து, சாயமேற்றி, பாலிஷ் காய்ந்து வேலை முடிந்த நாளின் மாலை. ஈரத்துணியார் டப்பாக்களை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா மேல்தளத்தில் நடந்து வந்தார். தேன்நிறத்தில் புடவைக் கரைபோலத் தெரிந்த கறுப்புப் பட்டையின்மேல் நேராகக் கால் வைத்து, எதையும் தடவாமல் இறங்கினார். இறங்கியவர் மறுபடி ஏறினார். மறுபடி இறங்கினார். பிறகு அங்கேயே நின்று, “சரோஜா, ஆறு மணிக்கு மேல எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. ரொம்ப நாளாவே. நாளைக்குச் செங்கற்பட்டு கண் டாக்டர்கிட்டப் போலாம்” என்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரத்துணியார் காதில் விழாதவர்போல் வாசலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா? ஏன் சொல்லல? நான் அவ்வளவு பேசினேனே?”

“அது அவரு சொல்ல வேண்டியதுப்பா. மரம்னா தொடச்சிப் பாத்துச் சொல்லிடுவேன். மனுசனை அப்டி செய்யலாமா?”

மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை அவர் முதுகைப் பார்த்துக் கைகூப்பி நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கையை இறக்கியிருக்கமாட்டேன்.