முற்றத்தில் கிடந்த நெல்

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, காது கேட்காது. கையும் காலும் மட்டும் நன்றாக வேலை செய்யும். அந்தக் கை காலை வைத்துக்கொண்டுதான் நாலு வருஷத்துக்கு முன்னால், தஞ்சாவூரில் ஓர் அருங்காட்சியகத்தில் நடந்த சர்வதேச நவீனக் கலைக் கண்காட்சியை ஒரு வழி பண்ணினேன்.

என் மகள் சுகன்யாவுக்கு அங்கே மூன்று மாதத் தற்காலிக வேலை. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் என்று பொறுப்பாளர் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் வெயில் படாத வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். தொடக்க நாளன்று என்னைக் கூப்பிட்டவள், வாசலிலேயே மடக்கினாள்.

“அப்பா, எதையும் தொடாதீங்க. யாரோடயும் சண்டை போடாதீங்க. பிடிக்கலன்னா தலைய ஆட்டிட்டு நகந்துடுங்க.”

“நான் என்ன சின்னப் புள்ளையா?”

“சின்னப் புள்ளைன்னா சொன்னதக் கேக்குமே.”

நான் ஏற்கெனவே கொதித்துப்போய்த்தான் வந்திருந்தேன். குடவாசல் பக்கம் எங்கள் ஊரில், என் குறுவை நெல், அரசுக் கொள்முதல் நிலையத்து வாசலில் ஒன்பது நாளாகத் திறந்தவெளியில் கிடந்தது. முதலில் ஈரப்பதம் அதிகம் என்றார்கள். காயவைத்தேன். சாக்கு இல்லை என்றார்கள். சாக்கு வந்தது, கூடவே மழையும் வந்தது. மறுபடி ஈரப்பதம். (மழையையும் இவர்களே லாரியில் ஏற்றி அனுப்புகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) அன்றைக்குக் காவலுக்கு என் மனைவியை உட்காரவைத்துவிட்டு வந்திருந்தேன்.

உள்ளே பல நாட்டுக்காரர்களின் படைப்புகள். ஓர் அறையில் கால் உடைந்த நாற்காலிகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னோர் அறையில் ஒருவன் கை கழுவிக்கொண்டே இருக்கிற படம் ஓடியது. (வாய்க்காலில் எங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இவன் குழாயை மூடவே இல்லை.) தலையை ஆட்டினேன், நகர்ந்தேன். ஆட்டினேன், நகர்ந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அப்புறம் நடு முற்றம். மேலே கூரை இல்லை. தரை முழுக்க நெல். இருபது மூட்டையாவது இருக்கும். சுற்றிலும் கயிறு, இரண்டு காவலாளிகள். பக்கத்தில் விளக்க அட்டை ஒன்று இருந்தது. நான் படிக்கவில்லை. குனிந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தேன். நறுக்கென்று உடைந்தது. நன்றாகக் காய்ந்த நெல். நிமிர்ந்து பார்த்தால் கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வருகிறது.

“மழை வருதுய்யா! நெல்லக் குவிங்கய்யா!”

தஞ்சாவூரில் இப்படிக் கத்தினால் என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ரோட்டில் நெல் காயும்போது மழை இருட்டினால், பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரே இறங்கிக் குவிப்பார். யார் வீட்டு நெல் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். விழாவுக்கு வந்த பட்டுப்புடவைகள் முந்தானையைச் செருகின. காவலாளிகளே கயிற்றை அவிழ்த்தார்கள். நாகப்பட்டினத்து ஜவுளிக்கடை பாய் ஒருவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, “நடுவுல மிதிக்காதீங்க, ஓரத்துலேர்ந்து தள்ளிட்டு வாங்க!” என்று எல்லோரையும் அதட்டினார். ஐந்தே நிமிஷத்தில் குவியல் எழுந்தது. மூடுவதற்கு ஒன்றும் இல்லை. வாசலில் கட்டியிருந்த வரவேற்பு பேனரை அறுத்துக்கொண்டு வந்தேன்.

“சுகன்யா, அந்த முனையப் புடி!”

பழக்கம். அவளும் ஓடிவந்து பிடித்தாள்.

ஒரு சொட்டு மழை பெய்யவில்லை.

அந்த நெல்லைப் பரப்பிய பெல்ஜியத்துப் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பொறுப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். மூன்று மாதம் அந்த நெல் மழையில் நனைந்து, முளைத்து, அழுக வேண்டுமாம். அதுதான் படைப்பாம். விவசாயியைக் கைவிட்ட உலகத்தைக் காட்டுகிறதாம். (அந்த அட்டையைத் தமிழில் எழுதியவளே என் மகள்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. படித்துத் தொலைத்திருக்கலாம்.)

“நெல்லு அழுகுறதப் பாக்க இங்க எதுக்கு சார் வரணும்? எங்க ஊருக்கு வரச் சொல்லுங்க. ஒம்போது நாளா சும்மாவே காட்டிக்கிட்டு இருக்கோம்!”

அவர் சுகன்யா பக்கம் திரும்பினார். “யாரும்மா இந்த ஆளு? உனக்குத் தெரிஞ்சவரா?”

அவள் வாயைத் திறந்தாள். அவளுக்குப் பொய் வராது. நான் முந்திக்கொண்டேன்.

“இந்தப் பொண்ண எனக்குத் தெரியாது சார்.”

“பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களே?”

“கழுத்துல எழுதியிருக்கே.”

காவலாளிகள் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். பின்னாலேயே அவள் ஓடிவந்தாள். கையில், நெல்லில் இறங்கும்போது நான் கழற்றிப்போட்ட செருப்பு.

“சார், உங்க செருப்பு” என்றாள். கண் கலங்கியிருந்தது. உதடு மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஏறியதும் மனைவியிடமிருந்து போன். “இங்க நல்ல மழை. ரோட்டுல போனவங்கல்லாம் எறங்கிக் குவிச்சுக் குடுத்தாங்க. மூடத்தான் ஒண்ணும் இல்ல.” மறுநாள் கொள்முதல் நிலையத்தில் சொன்னார்கள்: ஈரப்பதம் அதிகம். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

சுகன்யாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது. போன வருஷம் அவளுக்குக் கல்யாணம். மேடையில் ஐயர், “பொண்ணோட அப்பா யாரு? மேல வாங்கோ” என்று கூப்பிட்டார்.

மணப்பெண் குனிந்த தலை நிமிராமல், “தெரியாது சார்” என்றாள்.

மண்டபம் சிரித்து ஓயும்வரை நான் மேடைப் படியிலேயே நின்றேன்.