கதாநாயகி பிழைப்பாள் என்று நான் கொடுத்த வாக்கு

ஒரு கதையைப் படித்துவிட்டு அதையே சினிமாவாகப் பார்க்கப் போகிறவர்கள், வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு போவது நல்லது. எனக்கு அப்போது அது தெரியவில்லை. அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூர்க்காரியான என்னைக் காவாந்தண்டலத்தில் நிச்சயம் செய்திருந்தார்கள். எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்குப் புதுப்படம் (பட்டணத்தில் ஓடி ஓய்ந்து ஒரு வருஷமாகியிருக்கும்) வந்ததும், வருங்கால மாமியார் வண்டி கட்டிக்கொண்டு வந்து, "பொண்ணையும் இட்டுக்கினு போறேன்" என்றார். அம்மா என் காதோடு, "வாயத் தொறக்காம குந்தினு வா" என்று சொல்லி அனுப்பினாள்.

படமோ, நான் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த தொடர்கதை. அதன் நாயகன் மேல் எனக்கு ஒரு இது. ஒல்லி, மூக்குக் கண்ணாடி, அதிகம் பேசமாட்டான். திரையில் வந்தவர் தொந்தியோடு ஓடிவந்து பாட்டுப் பாடினார். அங்கேயே எனக்கு வயிறு எரிந்தது.

கொட்டகையில் ஒரே மிஷின். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். நாயகி ஒரு தடவை இருமியதற்கே மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா இது, இந்தப் பொண்ணு செத்துப் பூடுமா?"

"அழாதீங்க அத்த. பொழச்சிக்கும். நான் படிச்சிக்கீறேன்."

"மெய்யாவா?"

"என்மேல சத்தியமா."

(சத்தியத்தை யார் கேட்டது?) மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குக் கலர் சோடா வந்தது. அடுத்த ரீல் மாற்றும்போது பெண்கள் பக்கமே மணலில் நகர்ந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "டாக்டர் வருவாரு. ஊசி போடுவாரு. பொண்ணு கண்ணத் தொறக்கும்" என்று எல்லோருக்கும் உத்தரவாதம் கொடுத்தேன்.

டாக்டர் வந்தார். ஊசி போட்டார். நாயகி கண்ணை மூடினாள். படமும் முடிந்துவிட்டது.

மாமியார் முந்தானையை உதறிக்கொண்டு போய் வண்டியில் ஏறினார். ஏறியதும், "சத்தியம் பண்ணுச்சே" என்று மாட்டைப் பார்த்துச் சொன்னார். பொய்ச் சத்தியம் செய்கிற பெண் தங்களுக்கு வேண்டாம் என்று மறுநாள் காலை சொல்லியனுப்பிவிட்டார்.

அப்பா தொடர்கதையைத் துண்டில் சுற்றிக்கொண்டு காவாந்தண்டலத்துக்கு ஓடினார். பஞ்சாங்கம் தவிர எதையும் படித்தறியாத மனுஷர், சம்பந்தியம்மாள் எதிரில் உட்கார்ந்து, காதல் வசனம் உள்பட, கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தாராம். கேட்டு முடித்த மாமியார், "பொண்ணு மேல தப்பில்ல. சினிமாக்காரன்தான் பேஜார் பண்ணிட்டான். அது வந்து முழுக் கதையும் எனக்குப் படிச்சிக் காட்டட்டும்" என்றாராம்.

கல்யாணமாகிப் படிக்க உட்கார்ந்தேன். என் ஒல்லி நாயகனைக் காணோம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அந்தத் தொந்திதான் முன்னால் வந்து நின்றது. நிஜமாகவே எனக்குத் துக்கமாக இருந்தது. மாமியார் பாடு அதைவிட மோசம். நாயகி கோலம் போட்டாலும் அழுதார்.

"பாரு, எப்படிச் சிரிச்சிக்கினு கீது. சாவப்போறது தெரியாம."

"கதையில சாவல அத்த. அப்பா படிச்சாரே."

"அவரு படிச்சாரு. நான் கண்ணால பாத்தேனே."

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பசு கன்று போடச் சிரமப்பட்டாலும், "சரியாயிடும்" என்று நான் மட்டும் சொல்லக்கூடாது. வாயெடுத்தால் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

சில வருஷம் கழித்துக் காஞ்சிபுரத்தில் மாமியாருக்கு வயிற்றில் ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பயம். எனக்கு அவரைவிடப் பயம்.

"நீ மட்டும் பொழச்சிக்குவேன்னு சொல்லிடாதடி."

"இல்ல அத்த. நீங்க கண்டிப்பா செத்துப் பூடுவீங்க."

நர்ஸ் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாமியார் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுத்த கையோடு சொல்வார்: "நான் செத்துப் பூடுவேன்னு என் மருமவ சொன்னா. அதான் பொழச்சிக்கீறேன்."