பச்சை மக்கில் ஒரு காபி

எனக்கு ஒரு வியாதி உண்டு. அன்றைக்கு உடுத்தியதை அன்றைக்கே அலசிக் காயப்போடாவிட்டால் கை பரபரக்கும். மந்தைவெளியில் எங்கள் பால்கனிக் கொடி ஒரு நாள் காலியாக இருந்தால், எதிர்வீட்டில் "ஸ்டெல்லா ஊருக்குப் போயிட்டாங்க போல" என்று முடிவே கட்டிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட என்னை நம்பி, கம்பெனி முதல்முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பியது. டென்மார்க். அங்குள்ள ஓர் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நாங்கள் செய்த மென்பொருளை இயக்கிக் காட்ட வேண்டும். பிடித்தால் ஒப்பந்தம் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் என்னையும் சேர்த்து ஒன்பது பேர் பெஞ்ச். (ஐ.டி.யில் பெஞ்ச் என்றால் வேலை கொடுக்காமல் உட்காரவைப்பது. அதற்கு அடுத்த ஸ்டாப்பிங் வீடுதான்.) முடிவு செய்யப்போகிறவர் பெயர் லார்ஸ், ரொம்பக் கறார், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று என் மேனேஜர் ஏர்போர்ட் வரைக்கும் போனில் மந்திரித்துக்கொண்டே வந்தார்.

பெட்டியில் லேப்டாப்புக்கு முன்பே இரண்டு சாமான்கள் போய்விட்டன. ஒன்று, ரங்கநாதன் தெருவில் வாங்கிய நீல நைலான் கயிறு. இன்னொன்று, பாத்ரூம் வாளியில் கிடக்கும் பச்சை பிளாஸ்டிக் மக். அது எதற்கு என்று நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெறும் காகிதத்தை நம்பி ஐந்து நாள் வாழ என்னால் முடியாது, அவ்வளவுதான்.

"எல்லாம் சரி, வாளிய ஏன் வுட்ட?" என்று கேட்டார் என் கணவர் ஜெரால்டு. (அதையும் வைத்துப் பார்த்தேன். பெட்டி மூடவில்லை.)

ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். வெளியூரிலிருந்து வந்திருந்த லார்ஸும் அதே ஹோட்டலில்தான் தங்கியிருந்தார். ஆறரை அடி உயரம், சிரிப்பே கிடையாது. காலை ஒன்பதுக்கு மீட்டிங், ஏழரைக்குச் சாப்பிடும் இடத்தில் பார்ப்போம் என்றார். நான் அறைக்குப் போனதும் மக்கை உரிய இடத்தில் உரிய வேலைக்கு அமர்த்திவிட்டு, அசதியில் விழுந்து தூங்கிப்போனேன்.

காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. விமானத்தில் போட்டு வந்த சுடிதார் அலசாமல் கிடந்தது. ஐயோ! சலவைக்குத் துணியைப் போட்டுக் கொடுக்க ஒரு பை வைத்திருந்தார்கள்தான். ஆனால் என் உள்பாவாடையை ஊர்பேர் தெரியாத ஒருத்தனிடம் கொடுப்பதற்குப் பதில் நான் டென்மார்க்கே வராமல் இருந்திருப்பேன்.

கயிறு கட்ட இடம் தேடினேன். ஒரு பக்கம் திரைச்சீலைக் கம்பி. எதிர்ச்சுவரில், கூரையை ஒட்டி, கச்சிதமாக ஒரு பித்தளைக் கொக்கி நீட்டிக்கொண்டிருந்தது. பரவாயில்லையே, விவரமான ஆட்கள்தான் என்று மெச்சினேன். அதன் பக்கத்தில் ஒரு ஹேங்கர் படம் போட்டு, சிவப்பில் குறுக்கே கோடு இழுத்திருந்தார்கள். ஹேங்கர்தானே மாட்டக் கூடாது? நான் கயிறுதானே கட்டுகிறேன்? நாற்காலியில் ஏறி இரட்டை முடிச்சுப் போட்டேன். சுடிதார், துப்பட்டா, குளிருக்குப் போட்ட ஜீன்ஸ், மற்றவை எல்லாம் சொட்டச்சொட்டக் கொடியேறின.

உள்பாவாடையையும் நாடாவால் கயிற்றில் முடிந்தேன். சாக்ஸுக்கு இன்னொரு அலசு பாக்கி. மக்கும் கையுமாகத் திரும்பினேன். 'டப்' என்று ஒரு சத்தம்.

அது கொக்கி இல்லை. தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்சுகிற குழாய். எத்தனை வருடமாக உள்ளே அடைந்து கிடந்த தண்ணீரோ, கூவத்துக் கறுப்பில், கூவத்து வாசனையோடு அறை முழுக்கக் கொட்டியது. ஹோட்டல் மொத்தமும் சைரன் அலறியது. வெளியே ஓடச் சொல்லி ஒலிபெருக்கியில் ஒரு குரல் விடாமல் கத்தியது. நானும் ஓடினேன்.

தெருவில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் என்னைப் பார்த்தேன். பூப்போட்ட நைட்டி, அதன் மேல் நனைந்த துப்பட்டா. மந்தைவெளியில் பால் வாங்கப் போகிற அதே கோலம். பாஸ்போர்ட்டும் லேப்டாப்பும் மேலே நனைந்துகொண்டிருந்தன. கையில் பத்திரமாகப் பிடித்திருந்தது அந்தப் பச்சை மக்கை.

பக்கத்தில் குளியல் அங்கியோடு லார்ஸ். என் கையைக் குனிந்து பார்த்து, அது என்ன என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் ஒன்பது பேர் வேலை போய்விடும் என்று ஏனோ பட்டது.

"காபி மக்," என்றேன்.

மனிதருக்கு மனசு இளகிவிட்டது. குளிருக்கு எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மக்கை என் கையிலிருந்து வாங்கிப் போய், விளிம்பு வரை நிரப்பி வந்து கொடுத்தார். கொடுத்ததோடு போகக் கூடாதா? நான் குடிப்பதைப் பார்க்க நின்றார். மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். முக்கால் லிட்டர் இருக்கும்.

அதற்குள் ஹோட்டல் மேலாளர் வந்தார். கையில் நீலக் கயிறு. அதில் முடிச்சோடு என் உள்பாவாடை. யாருடையது என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஏற்கெனவே ஒரு பொய் வயிற்றுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றுக்கு இடமில்லை. என்னுடையதுதான், தப்பும் என்னுடையதுதான் என்று கையைத் தூக்கினேன். ஊருக்குத் திரும்பினால் பெஞ்ச்கூட மிஞ்சாது என்று தெரிந்தேதான் தூக்கினேன்.

லேப்டாப் பிழைக்கவில்லை. சென்னையிலிருந்து மென்பொருளை மறுபடி அனுப்பச் சொல்லி, லார்ஸின் கம்ப்யூட்டரில்தான் எல்லாவற்றையும் காட்டினேன். முடிந்ததும் அவர் எழுந்து, இத்தனை வருட இன்சூரன்ஸ் தொழிலில் "தப்பு என்னுடையது" என்று தானாகச் சொன்ன ஓர் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். ஒப்பந்தம் எங்களுக்கே. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் ஏப்பம் வந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். போன மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேச லார்ஸ் சென்னை வந்தார். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். நொச்சிக்குப்பத்தில் வாங்கிய வஞ்சிரத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, பாத்ரூம் எங்கே என்று கேட்டார். காட்டினேன். கதவு சாத்திய பிறகுதான் எனக்குத் திக்கென்றது. டென்மார்க்கிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்த மக், பழையபடி வாளியில் மிதந்துகொண்டிருந்தது.

உள்ளே மக் வாளியில் இடிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர், ஜெரால்டு நீட்டிய டம்ளர் காபியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, அன்றைக்கு அதை முழுதாகக் குடித்தாயே," என்றார், மெதுவாக.

ஜெரால்டு அடுப்பங்கரைக்கு ஓடிப்போய்ச் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். லார்ஸ் காபியைக் குடித்துவிட்டு, ஒப்பந்தப் பேச்சையே எடுக்காமல் போனார்.

மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுதான் கையெழுத்தான ஒப்பந்தம் வந்தது, கூடவே ஒரு பார்சலும். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பீங்கான் கோப்பை. ஒட்டியிருந்த சீட்டில் ஒரே வரி: 'இது காபிக்கு மட்டும்.'

இன்று காலை ஜெரால்டு காபி போட்டுவிட்டு அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஸ்டெல்லா, உனுக்கு எந்த மக்ல ஊத்தட்டும்?"