ஒரே பானைச் சமத்துவம்

உலகத்தில் ஒரு பக்கம் தின்றே சாகிறார்கள், மறுபக்கம் தின்னக் கிடைக்காமல் சாகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வை ஒழித்துக்கட்டும் மாபெரும் பொறுப்பு, மூன்றாவது மாடியில் லிஃப்டுக்கு எதிரே இருந்த ஊட்டச்சத்துச் சமத்துவப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதன் துணை இயக்குநர் தின்றே சாகும் பக்கத்துக்கு உயிருள்ள உதாரணம். அவர் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வரும். பசியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் மேசைக்குப் பின்னாலேயே நின்றது அடக்கத்தால் அல்ல என்பது அவருக்கே தெரியும்.

ஒரு நாள் உலகத் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. "பசித்தோர் உணவை உண்டறியாதாரால் பசியை ஒழித்தல் இயலாது. ஆகவே, அலுவலர் அனைவரும் ஒரு வார காலம் பயனாளிகளின் உணவையே உட்கொண்டு உணர்வுபூர்வமாக அறிதல் வேண்டும்."

பயனாளிகள் என்றால் பின்தெருக் குழந்தைகள் மையத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு மத்தியானம் பருப்பும் காய்கறியும் போட்ட கெட்டிக் கஞ்சி, அவித்த முட்டை. துணை இயக்குநர் நேரிலேயே போய் விஷயத்தைச் சொன்னார்.

"பானை ஒண்ணுதான் சார் இருக்கு. உங்களுக்குன்னு தனியா அரிசி வருதா?" என்றார் சமையல்காரம்மா.

"உணரச் சொல்லித்தாம்மா உத்தரவு. அரிசியைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லையே."

"அப்ப புள்ளைங்க எதைத் தின்னும்?"

துணை இயக்குநர் யோசித்தார். அலுவலகக் கூட்டங்களுக்கு வாங்கிய கிரீம் பிஸ்கட் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. அது இங்கே வரட்டும், பானை அங்கே போகட்டும். சமத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக யார் செய்துவிட முடியும்? தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

அந்த நேரம் பார்த்து, படபடவென்று வாய் ஓயாததால் பட்டாசு என்று பெயர் வாங்கிய ஒரு வாண்டுப் பெண் வந்து அவர் தொப்பையில் விரலால் குத்தியது.

"மாமா, உள்ள பாப்பா இருக்கா?"

மையமே சிரித்தது. அவரும் சிரித்து வைத்தார். ஆனால் அலுவலகம் வந்து சேரும்வரை அந்த விரல் உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் நாள் அலுவலர்கள் கஷாயம் குடிக்கிற முகத்தோடு சாப்பிட்டார்கள். வாரம் முடிவதற்குள் மூட்டுவலி போனவர்கள் மாடிப்படி ஏறிக் காட்டினார்கள். இயக்குநர் அம்மாவின் சர்க்கரை சட்டென்று இறங்கியது. அவர் ஒரு மாதம் பழச்சாறு மட்டும், ஒரு மாதம் இறைச்சி மட்டும், ஒரு மாதம் கடிகாரத்தைப் பார்த்து மட்டும் என்று எல்லா நாகரிகப் பத்தியத்தையும் பின்பற்றி ஓய்ந்திருந்தவர்.

"ஃபீஸ் கட்டிப் பட்டினி கிடந்தப்பல்லாம் இறங்கலைங்க," என்று நெகிழ்ந்தார். "ஆமா, ஒரு வாரத்துல பசியை முழுசா உணர்ந்துட முடியுமா?"

"முடியவே முடியாதுங்க மேடம்," என்றார் துணை இயக்குநர்.

"அப்ப ஆழமா உணரணும்."

உணர்தல் மறு உத்தரவு வரும்வரை நீட்டிக்கப்பட்டது. விஷயம் பரவியது. இரண்டாவது மாடி உணர வந்தது, நான்காவது மாடி உணர வந்தது. உடற்பயிற்சிக்கூடத்துக்காரர்கள் கஞ்சி வாங்கி வர டப்பா கொடுத்தனுப்பினார்கள். துணை இயக்குநருக்கோ பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. "கல்யாணத்தப்ப இருந்த மாதிரியே ஆயிட்டீங்க, கண்ணு பட்டுடப் போகுது," என்றாள் மனைவி. நாட்டுக்குச் செய்யும் சேவை உடம்பிலும் தெரிவதாக அவர் எடுத்துக்கொண்டார்.

ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டும் என்றார்கள். புகைப்படக்காரரோடு மையத்துக்குப் போனார். கதவைத் திறந்ததும் பிள்ளைகளின் வழக்கமான சத்தம் வரவில்லை. பிஸ்கட் உறைகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. சுவரோரமாக நின்றிருந்தது பட்டாசு. ஒரு கையால் கால்சட்டையை இடுப்பில் இழுத்துப் பிடித்திருந்தது.

"பெரிய கால்சட்டையா போட்டு விட்டீங்க?" என்று கேட்டார்.

"போன மாசம் சரியாத்தான் சார் இருந்துச்சு," என்ற சமையல்காரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டாசு அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"மாமா, உங்க பாப்பா எங்க போச்சு?"

அவர் இடுப்பில் எது குறைந்ததோ அது எங்கே குறைந்தது என்பது எதிரிலேயே நின்றது. அவரும் ஒரு கையால் பேன்டைப் பிடித்தபடிதான் நின்றிருந்தார்.

"ஆஹா, ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க!" என்றார் புகைப்படக்காரர்.

அந்தப் படமே ஆண்டறிக்கையின் அட்டைப்படம் ஆயிற்று. கீழே, 'இடைவெளி குறைந்தது' என்று அச்சிட்டார்கள். தலைமையகம் பாராட்டியது.

ஆனால் அது பிற்பாடு. அன்றைக்கு அவர் மூச்சிரைக்க இயக்குநர் அம்மாவின் அறைக்கு ஓடினார்.

"மேடம், பானையை உடனே திருப்பி அனுப்பணும். அந்தப் புள்ளை இடுப்புல துணி நிக்கலை!"

"ஐயோ பாவம்! இதுக்கு அவசரக் கூட்டமே போடணும்," என்று இயக்குநர் அம்மா தட்டோடு எழுந்தார். "சாப்பிட்டுட்டு வந்து போடலாம். முட்டை ஆறிடும்."

மாட்டேன் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் பருப்பு வாசனை வந்துவிட்டது. கால்கள் அவரைக் கேட்காமலே வரிசைக்குப் போய்விட்டன. அவருக்கு முன்னால், இந்த அக்கிரமத்தை அம்பலப்படுத்த வந்திருந்த பத்திரிகைக்காரர் தட்டோடு நின்றிருந்தார்.

"குழந்தைங்க சோத்தைப் பெரியவங்க தின்னுடறாங்களாமே? அநியாயம் சார்!"

"அநியாயம்தாங்க," என்றார் துணை இயக்குநர், ஒரு கையில் பேன்டும் மறு கையில் தட்டுமாக. "கொஞ்சம் முன்னால நகருங்க."