ஆஸ்பத்திரிப் பின்வாசலில் எறக்கம் இருக்கு

பெரிய மச்சான் மோக் கம்-சுன் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் யிம் ஹோக்-மான் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும், தங்கள் கூண்டிலிருக்கும் பாட்டுக் குருவியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே தங்கள் தங்கை பிக்-யூன் தேறி வருகிறாள். தொண்டையில் அறுவை நடந்த அன்று தாங்கள் வந்து பார்த்ததைவிட இப்போது முகம் தெளிந்திருக்கிறது. சர்க்கரை இறங்கியதும், அநேகமாக அடுத்த சனிக்கிழமை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். இப்போதைக்கு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, அப்புறமும் ஆறு மாதத்துக்குக் குரலை உயர்த்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையில் சின்னப் பலகை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். என்னை எழுதித்தான் திட்டுகிறாள்.

நிற்க. நெரிசலைக் குறைக்க யோசனை சொல்லுங்கள் என்று தங்கள் போக்குவரத்து மேம்பாட்டுக் குழு ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படித்தேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு யோசனை. மலைப்பாதை மினி பஸ்களில் இறங்குவதற்கு மணி வைக்க வேண்டும். மணிகளை வாங்கி டிப்போவில் பெட்டியோடு போட்டிருக்கிறார்களாம். "எங்களுக்குக் காது இல்லையா?" என்று ஓட்டுநர்கள் முறுக்கிக்கொண்டதால் வருகிற புதன்கிழமைக் கூட்டத்தில் ஓட்டுக்கு விடப் போகிறார்களாம். தங்கள் ஓட்டு மணிக்கே விழ வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். நேரில் சொன்னால் தாங்கள் குறுக்கே கத்துவீர்கள், அதனால்தான் கடிதம்.

என் குரல் தங்களுக்குத் தெரியும். அதாவது, தெரியாது. முப்பத்தொரு வருடம் நூலக வாசிப்பறையில் உட்கார்ந்து, பேசுகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். அப்படிப்பட்டவனை, பதினாறு பேருக்கு நடுவில் "எறக்கம் இருக்கு!" என்று கத்தினால்தான் நிறுத்துவேன் என்கிற வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும்? வாலிபத்தில் மோங்கொக் கடைத்தெருவில் மினி பஸ் ஏறினால் வேறு யார் கத்துகிறார்களோ அவர்களோடுதான் இறங்குவேன். அப்படி மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒரு பெண்ணின் ஸ்டாப்பில் இறங்கிய கதைதான் தங்களுக்குத் தெரியுமே. நாலாம் நாள் தாங்கள் காத்திருந்து என் சட்டைக் காலரைப் பிடித்தீர்கள். "என்னடா, என் தங்கச்சி பின்னாலயே வர்றே?" என்று கேட்டீர்கள். அப்போதும் எனக்குக் குரல் வரவில்லை. பிக்-யூன்தான், "விடுண்ணே, பாவம், இவருக்குக் கத்த வராது" என்றாள். அன்றிலிருந்து நாற்பது வருடமாக எனக்கும் சேர்த்து அவள்தான் கத்துகிறாள். என்ன குரல் அது! ஓட்டுநர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்குவார்கள்.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில். பார்வை நேரம் மூன்றிலிருந்து நாலு. பெரிய பஸ்ஸில் மணி உண்டு, ஆனால் அது அந்த மலைப்பாதையில் ஏறாது. மினி பஸ் போகிறது, ஆனால் பின்வாசல் ஸ்டாப்பில் அந்த நேரத்தில் இறங்குகிற ஒரே பிராணி நான்தான். டாக்சியில் போகக் கூடாதா என்பீர்கள். டாக்சிக்காரர் பேச்சுக் கொடுப்பார், மச்சான்.

திங்கட்கிழமை, வடிகட்டிய மீன் சூப்பை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, வீட்டுக் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை கத்திப் பழகிவிட்டுத்தான் ஏறினேன். ஸ்டாப் வந்தது, வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் இருமல் மிட்டாய் கொடுத்தார். கடைசி ஸ்டாப் வரை போய், திரும்பி வர வண்டிக்கு வரிசையில் நின்று, நாலரைக்கு வந்து சேர்ந்து, சூப்பைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை, கத்த வராவிட்டால் பலமாக இருமுவோம் என்று இருமினேன். முன்சீட்டு, பின்சீட்டு எல்லாம் முகமூடியை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன பெரியவரே, இப்படி இருமுறீங்க, டாக்டரப் பாக்க வேணாமா? ஆஸ்பத்திரி இப்பத்தானே தாண்டிச்சு!" என்றார். அன்று ஓடி வந்ததில் ஐந்து நிமிடம் கிடைத்தது. நேற்று ஒரு மீன்காரம்மாவிடம் காதோடு காதாகக் கெஞ்சினேன். "அதுக்கென்னண்ணே, நான் கத்துறேன்" என்றவர், பரோபகாரம் பொங்கி இரண்டு ஸ்டாப் முன்னாலேயே கத்திவிட்டார். இது இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். பிளாஸ்கோடு மேடேறிப் போனபோது கதவு சாத்தியிருந்தது. நர்ஸ் பலகையை மட்டும் கொண்டுவந்து காட்டினாள். "என்னைப் பாக்கப் பிடிக்கலையா?" என்று எழுதியிருந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, மச்சான். மூன்று நாள் கதையையும் ஒரு தாளில் கிறுக்கி, அவளிடம் கொடுக்கச் சொல்லி நர்ஸிடம் நீட்டிவிட்டு வந்தேன்.

தங்கள் குழுவுக்குக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு சீட்டில் மூன்று ஸ்டாப் போக வேண்டியவன் பதினொன்று போகிறேன். அப்புறம் அங்கிருந்து எட்டு ஸ்டாப் திரும்பி வருகிறேன். கீழே வரிசையில் அறுபது பேர் வெயிலில் நிற்கிறார்கள். நெரிசல், நெரிசல் என்று பாதையையும் லாரியையும் குறை சொல்கிறீர்களே, வாய் வராதவர்களை இறக்கிவிட்டாலே பாதி சீட் காலியாகும். தயவுசெய்து மணிக்கு ஓட்டுப் போடுங்கள். நாலு பேரையும் போடச் சொல்லுங்கள். தங்களுக்குத்தான் குரல் இருக்கிறதே.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் வலி தீர்ந்து, படியேறி இறங்கி நூறு வயது நடமாட வேண்டும்.

தங்கள் அன்புக்கும் பயத்துக்கும் உரிய,
யிம் ஹோக்-மான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இன்று மினி பஸ் ஏறினேன். பின்வாசல் நெருங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஆஸ்பத்திரி உடுப்போடு, நர்ஸைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நிற்கிறாள் பிக்-யூன்! வருகிற வண்டிக்கெல்லாம் பலகையைத் தூக்கிக் காட்டுகிறாள். "உள்ளே ஒரு வாயில்லாத கிழவர் இருக்கார், இறக்கி விடுங்க" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாள். ஓட்டுநர் அதைப் பார்க்கவில்லை. வண்டி அவளைத் தாண்டியது. அவள் கை தளர்ந்து பலகை கீழே இறங்கியது. அப்போது யாரோ "பிக்-யூன்!" என்று அலறினார்கள். நான்தான். எறக்கம் இருக்கு என்று கத்தத் தோன்றவில்லை, பெயர்தான் வந்தது. வண்டி கிறீச்சென்று நின்றது. "யோவ் பெரியவரே, உசிரே போச்சு! அது எந்த ஸ்டாப்பு?" என்றார் ஓட்டுநர். "ஸ்டாப்பு இல்லப்பா, என் சம்சாரம்" என்றேன். வண்டியே சிரித்தது. இறங்கி ஓடினேன். "தாத்தா, இது ஆஸ்பத்திரி, சத்தம் போடாதீங்க" என்று நர்ஸ் அதட்டினாள். பிக்-யூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையை அழித்து, "இன்னொரு தடவ கூப்பிடுங்க" என்று எழுதினாள்.

ஆகையால் மச்சான், மேலே எழுதியதையெல்லாம் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி நல்லதுதான், ஊருக்கு வேண்டியதுதான். ஆனால் புதன்கிழமை எப்படியாவது சண்டை போட்டு ஓட்டெடுப்பை ஆறு மாதம் தள்ளிப்போட்டு விடுங்கள். நான் கேட்பது சுயநலம், தெரிந்தேதான் கேட்கிறேன். நாற்பது வருடம் எனக்கும் சேர்த்து அவள் கத்தினாள். ஒரு ஆறு மாதமாவது அவளுக்கும் சேர்த்து நான் கத்துகிறேனே.