முள்ளம்பன்றிக்குக் கிடைத்த அட்மிஷன்

ஒரு காட்டில் எல்லையோரமாக இரண்டு பலகைகள் நட்டிருந்தார்கள். ஒன்றில் 'எல்லோரும் வருக' என்றிருந்தது. இன்னொன்றில் 'உள்ளே வராதே' என்றிருந்தது. எதைப் படித்துக்கொள்வது என்பது வருகிறவரின் தோலைப் பொறுத்தது.

தீப்பிடித்து எரிந்துபோன பக்கத்துக் காட்டிலிருந்து செங்கமலம் என்ற முள்ளம்பன்றி தன் மகள் குமுதினியை இழுத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த குடும்பத்துக்குத்தான் குடியிருப்பு அட்டை. மழைக்காலத்துக்குள் அட்டை வாங்காதவர்களை எல்லைக்கு வெளியே ஓட்டிவிடுவார்கள்.

தலைமையாசிரியை ஒரு முயல். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எங்களுக்கு வித்தியாசமே கிடையாதும்மா. எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணுதான். ஆனா இந்த முள்ளு..."

"யாரையும் குத்த மாட்டா மிஸ். ரொம்ப சாது."

"சாதுன்னா முள்ளு எதுக்கு? மத்த பேரன்ட்ஸ் என்னைத்தானே கேப்பாங்க? நீங்களும் இதே முள்ளோட, பிள்ளையைக் கூட்டிட்டுப் போக ஸ்கூல் கேட்டுல வந்து நிப்பீங்க. பார்த்துப் பண்ணிட்டு வாங்க."

செங்கமலம் முதலில் தன் முட்களைப் பிடுங்கினாள். எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமே! பிறகு மகளை மடியில் கிடத்தி, "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் கண்ணு" என்று பொய் சொன்னாள். நரிகள் திரிகிற இடத்தில் பிள்ளையின் வெற்று முதுகுக்கு அவள் ராத்திரியெல்லாம் விழித்துக் காவல் இருந்தாள். ஆனாலும் அட்மிஷன் கிடைத்துவிட்டது.

அட்டை வழங்கும் நாளில் பள்ளியில் பன்முகப் பண்பாட்டு விழா வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் வட்டார அதிகாரி யானை. மேடையில் ஒரு முயல்குட்டி முதுகு முழுக்கத் தென்னை ஈர்க்குச்சிகளை ஒட்டிக்கொண்டு, வீடிழந்த முள்ளம்பன்றியாக நடனம் ஆடியது. யானை தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடடா, நம்ம காட்டுல எத்தனை விதமான பிள்ளைங்க!"

முள்ளம்பன்றிக் குடும்பத்துக்கான அட்டையை அந்தக் குட்டியின் கையிலேயே கொடுத்தார்.

செங்கமலம் விழுந்தடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். "ஐயா, அது எங்க அட்டைங்க! நாங்கதான் முள்ளம்பன்றி!"

யானை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முள்ளு எங்கே?"

"பிடுங்கிட்டோமுங்க. மிஸ்தான் சொன்னாங்க."

"நானா?" முயலின் காதுகள் விறைத்தன. "பார்த்துப் பண்ணுங்கன்னுதானே சொன்னேன்? பிடுங்குங்கன்னா சொன்னேன்?"

"ஒரு அட்டைக்காக என்னவெல்லாம் வேஷம் போடுறாங்க பாருங்க" என்று யானை மைக்கிலேயே வருத்தப்பட்டார். கூட்டம் சிரித்தது. காவல் நாய்கள் செங்கமலத்தை நெருங்கின.

கடைசி வரிசையில் குமுதினி பெஞ்சு மேல் ஏறி நின்று, மொட்டை முதுகு குலுங்கக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவளைப் பாரேன்! நிஜ முள்ளம்பன்றி மாதிரியே இருக்கா!"

நீதி: முள்ளம்பன்றியாக மதிக்கப்பட விரும்புகிறவர்கள் முதலில் முயலாகப் பிறந்துவிட வேண்டும்.